பதில் தட்டியவள்

எழுத உட்காரும்போதே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என் ஞாபகம் அவ்வளவு நம்பகமானதல்ல. யார் எந்தச் சொல்லைச் சொன்னார்கள் என்பது மாறியிருக்கலாம். எது முதலில் நடந்தது, எது பிறகு நடந்தது என்பதில் எனக்கும் என் கணவருக்கும் இன்றுவரை தகராறு. ஆனால் நடந்தது. தினசரிக் காலண்டர் தாள்களின் பின்பக்கம் அன்றன்றைக்கே மணியைக் குறித்து வைத்தேன். மொத்தம் நான்கு தாள்கள். அவற்றைப் பொய் என்று சொல்ல முடிந்தால் நான் நிம்மதியாகத் தூங்குவேன்.

என் பெயர் பூங்கனி. தாராவியில் பிறந்தேன், அங்கேயே கல்யாணமானது, நாற்பத்தெட்டு வயதுவரை அங்கேயே இருந்தேன். ரெடிமேட் பட்டறையில் காஜா போடும் வேலை. என் கணவர் மாரிக்கண்ணன் இருபத்தாறு வருடம் பிளாஸ்டிக் அரைக்கும் மெஷின் முன்னால் நின்றவர். அந்த மெஷின் அவர் காதைத் தின்றுவிட்டது. முகத்துக்கு நேராக, உரக்கப் பேசினால்தான் கேட்கும். பிள்ளைகள் இல்லை. வேலை முடிந்து வந்தால் மாட்டுங்கா லைப்ரரியில் எடுத்த புத்தகத்தோடு நான் உட்கார்ந்துவிடுவேன். அவர் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருப்பார். இரண்டு மணி நேரம் ஒரு பேச்சும் இருக்காது. எங்களுக்கு அது பிடித்திருந்தது.

சுற்றிலும்தான் சத்தம். மேலே தையல் மெஷின், பக்கத்தில் டிவி, சந்தில் சண்டை. படித்த வரியையே நான்கு தடவை பல்லைக் கடித்துக்கொண்டு படிப்பேன். சத்தமில்லாத ஊரில் ஒரு வீடு வேண்டும் என்பது எனக்கு ஆசையாக ஆரம்பித்து வெறியாக முடிந்தது.

கதைக்கு முன்னால் எங்கள் தண்ணீர் விஷயத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் வரிசையில் இரண்டு வீட்டுக்கு ஒரு குழாய். அது பக்கத்து வீட்டு மீனாட்சியம்மாளின் வாசலில் இருந்தது. விடியற்காலை நாலு நாற்பதுக்குத் தண்ணீர் வரும். வந்ததும் அந்த அம்மாள் நடுச்சுவரில் மூன்று தடவை தட்டுவார். தண்ணீர் வந்துவிட்டது என்று அர்த்தம். நான் படுத்தபடியே கையைத் தூக்கி இரண்டு தடவை தட்டுவேன். எழுந்துவிட்டேன், வருகிறேன் என்று அர்த்தம். பதில் தட்டு கேட்டால் அவர் நிம்மதியாகத் தன் குடத்தைப் பிடித்துக்கொண்டு எனக்காகக் காத்திருப்பார். கேட்காவிட்டால் சந்தே எழுந்திருக்கும்படி என் கதவை இடிப்பார்.

"பதிலும் தட்டிட்டு ஒருத்தி வராம படுத்துக் கெடந்தான்னா, அவளுக்கு மறுநாள் சொட்டுத் தண்ணி கெடையாது," என்பார்.

இருபத்து மூன்று வருடத்தில் ஒருநாளும் நான் அப்படிச் செய்ததில்லை. தூக்கத்திலேயே கை தட்டிவிடும். அதற்குப் பிறகுதான் எனக்கு விழிப்பே வரும்.

2024 மார்ச்சில் வீடு வாங்கினோம். கர்ஜத்தில் ரயிலை விட்டு இறங்கி ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில் போக வேண்டிய சின்ன ஊர். பெயரை எழுதமாட்டேன். தாராவி ரூமை விட்டுக்கொடுத்துத்தான் இதை வாங்கினோம். அதாவது திரும்பிப் போக எங்களுக்கு இடம் கிடையாது. 'பயமா இருந்தா கிளம்பி வந்திருக்க வேண்டியதுதானே' என்று என்னைக் கேட்டவர்கள் எல்லாரும் திரும்பிப் போக வீடு உள்ளவர்கள். அவர்களை நினைத்தால் எனக்கு எரிச்சலாக வருகிறது.

வீட்டைக் காட்டியவர் நாணு. செம்பூரில் இருக்கும் பாலக்காட்டுக்காரர், வீட்டு புரோக்கர்.

"அக்கா, இங்கே ஒரு சத்தமும் கிடையாது. காக்கா கத்தினா அதுதான் அன்னிக்கு நியூஸ்," என்றார்.

மூன்று அறை, ஓட்டுக் கூரை, சுற்றிலும் காம்பவுண்டுச் சுவர். எந்த வீட்டோடும் ஒட்டாத தனி வீடு. பின்பக்கம் பத்தடி தள்ளி வட்டமாக ஒரு சிமெண்ட் மேடை இருந்தது.

"இது என்ன?" என்று கேட்டேன்.

"துணி துவைக்க. வீட்டுக்காரன் கட்டியே குடுத்திருக்கான் பாருங்கோ. மும்பையில கிடைக்குமா?"

மாரிக்கண்ணன் மேடையில் ஏறி நின்று ஒரு குதி குதித்தார். "நல்ல ஸ்ட்ராங்கா இருக்குட்டி," என்றார். நாணு சிரித்தார். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் கன்னத்தில் அறைய வேண்டும் போலிருக்கிறது.

குடியேறிய அன்று எதிர்வீட்டு சுமன்தாய் (மராத்தியில் 'தாய்' என்றால் அக்கா) கேட் வரை வந்தாள். அறுபது வயதிருக்கும். நான் உள்ளே மாரிக்கண்ணனிடம் பீரோவை எங்கே வைப்பது என்று கத்திக்கொண்டிருந்தேன். வெளியே வந்து பார்த்தால் அவள் கேட்டின் கம்பியைப் பிடித்தபடி நின்றிருந்தாள். முகம் வெளிறியிருந்தது. உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை. "நீங்கள் எந்த ஊர்? வீட்டில் என்ன பாஷை பேசுவீர்கள்?" என்று இந்தியில் கேட்டாள். தமிழ் என்றேன். தலையாட்டிவிட்டுத் திரும்பிப் போனாள். அதற்குப் பிறகு என்னைப் பார்த்தால் கதவைச் சாத்திக்கொள்வாள்.

அவள் மட்டுமல்ல. அந்தத் தெருவில் ஒருத்தர்கூட எங்கள் கேட்டைத் தாண்டியதில்லை. மதராசிகள் என்று ஒதுக்குகிறார்கள், சரி, போகட்டும் என்று விட்டுவிட்டேன். எனக்கு வேண்டியது சத்தமில்லாத வீடு. அது கிடைத்தது. இரண்டு மாதத்தில் பத்தொன்பது புத்தகம் படித்தேன்.

பின்னறையில், பின்சுவரை ஒட்டிக் கட்டில். தாராவிப் பழக்கத்தில் தலைமாட்டில் ஒரு ஸ்டூல் போட்டு, அதில் தளும்பத் தளும்ப ஒரு குடம் தண்ணீர், மேலே தட்டு.

மே 9. விடியற்காலை 4:40.

டொக். டொக். டொக்.

என் கை சுவருக்குப் போனது. இரண்டு தடவை தட்டியது. நான் எழுந்து, கொண்டையை முடிந்து, குடத்தைத் தேடிக்கொண்டு கூடத்தைத் தாண்டி வாசல் கதவின் தாழ்ப்பாளில் கை வைத்துவிட்டேன்.

அப்போதுதான் நான் எங்கே இருக்கிறேன் என்று உறைத்தது.

இது தாராவி இல்லை. இங்கே பக்கத்து வீடு இல்லை. நடுச்சுவர் இல்லை.

கனவு என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டே திரும்பி வந்து படுத்தேன். ஆனால் சுவரில் தட்டிய இடம் என் தலைக்கு நேரே, கொஞ்சம் மேலே என்பது வரை எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. காலையில் குடத்தைத் திறந்தால் பாதித் தண்ணீர்தான் இருந்தது. ஸ்டூலிலும் தரையிலும் ஈரம் இல்லை.

மீனாட்சியம்மாளுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

"நான் தட்டுனா உனக்கு அங்கன வரைக்கும் கேக்குதாக்கும்? அப்ப போன் எதுக்குட்டி?" என்று சிரித்தார். பிறகு, "பதில் தட்டுனியா?" என்றார்.

"தட்டிட்டேன்."

"யாரு என்னன்னு தெரியாமயா தட்டுவ? கிறுக்கச்சி."

மே 10. 4:40.

டொக். டொக்... டொக்.

இந்த முறை சத்தம் கட்டிலின் மட்டத்துக்கு வந்திருந்தது. உலோகத்தால் கல்லில் தட்டுவது போன்ற சத்தம். நான் முழித்துக்கொண்டபோது என் கை ஏற்கெனவே பதில் தட்டி முடித்திருந்தது. விரல் கணு வலித்தது.

டார்ச்சை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனேன். 4:46. சுவர் வெறுமனே நின்றது. மரம் இல்லை, கிளை இல்லை. மண்ணில் ஒரு காலடி இல்லை. சிமெண்ட் மேடைக்கு மேல் ஒரு சேலை காய்ந்துகொண்டிருந்தது. என் சேலைதான்.

முன்பக்கம் வந்து காம்பவுண்டுக்கு வெளியே தெருவைப் பார்த்தேன். அந்த நேரத்திலும் சுமன்தாய் வீட்டு ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே இருட்டில் ஆள் நிற்பது தெரிந்தது. நான் டார்ச்சை அந்தப் பக்கம் திருப்பியதும் ஜன்னல் மூடிக்கொண்டது.

குடம் காலி. துடைத்து வைத்ததுபோல் காய்ந்திருந்தது.

எனக்குக் கோபம் அப்போதுதான் ஏறியது. எல்லாம் விளங்கிவிட்டது என்று நினைத்தேன். இந்தத் தெருவுக்கு நாங்கள் வேண்டாம். யாரோ சுவர் ஏறிக் குதித்துத் தட்டுகிறார்கள். பயந்து ஓடினால் வீட்டை அடிமாட்டு விலைக்கு எடுத்துக்கொள்ளலாம். இதில் நாணுவுக்கும் கூட்டு இருக்கும்.

போனில் நாணுவைக் கிழித்தேன்.

"அக்கா, எனக்கு ஒண்ணும் தெரியாது, குருவாயூரப்பன் மேல சத்தியம்..."

"சாமிய இழுக்காதீரு. இந்த வீட்டுல முன்ன என்ன நடந்துச்சு?"

 

"வீட்டுக்குள்ள ஒண்ணும் நடக்கலை அக்கா," என்று சொல்லி வைத்துவிட்டார்.

மாரிக்கண்ணனிடம் சொன்னேன். 

"எலியா இருக்கும்ட்டி."

"எலி மூணு எண்ணித் தட்டுமா?"

"எனக்கு ஒண்ணும் கேக்கல."

"உங்களுக்கு இடி விழுந்தாலும் கேக்காது!"

சொல்லியிருக்கக் கூடாது. அவர் ஒன்றும் பேசவில்லை. எங்களுக்குப் பழக்கமான மௌனம்தான், ஆனால் அன்று முதல்முறையாக அது என்னை அறுத்தது. கொஞ்ச நேரம் கழித்து, "திரும்பிப் போக முடியாது பூங்கனி. இதான் வீடு," என்றார். எனக்கும் அது தெரியும்.

மே 11. அன்று நான் படுக்கவில்லை. மூன்று மணியிலிருந்து கட்டிலில் உட்கார்ந்து புத்தகத்தைத் திறந்து வைத்திருந்தேன். ஒரே பக்கம். லைட் எரிந்தது. குடத்தை நானே நிரப்பித் தட்டால் மூடியிருந்தேன்.

4:38. குடத்துக்குள் ஒரு சத்தம். யாரோ மடக்கென்று விழுங்குவது போல.

தட்டு அசையவில்லை.

4:40.

டொக்...

டொக்...

மூன்றாவதுக்கு நெடுநேரம் ஆனது. வலுவில்லாமல் வந்தது. தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், கட்டிலுக்கு அடியில்.

டொக்.

பயந்திருக்க வேண்டும். எனக்கு ஆத்திரம்தான் வந்தது. வாழ்நாள் முழுக்கச் சத்தத்தில் கிடந்து, கடைசியில் ஒரு வீடு வாங்கினால், அதையும் தட்டிப் பிடுங்கப் பார்க்கிறார்களே என்ற ஆத்திரம். கட்டிலிலிருந்து இறங்கி முஷ்டியால் சுவரை ஓங்கிக் குத்தினேன். ஒன்று. இரண்டு.

"நான் இங்கனதான் இருக்கேன்! போக மாட்டேன்! எத்தன நாளு தட்டுதன்னு பாக்கேன்!" என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

சத்தம் நின்றது. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

குடம் காலி.

மே 12. அலுத்துத் தூங்கிவிட்டேன். என்னை எழுப்பியது தட்டும் சத்தம் அல்ல. மாரிக்கண்ணன்.

அவர் தரையில் குப்புறப் படுத்திருந்தார். ஒரு காதைத் தரையில் வைத்து, உள்ளங்கையை விரித்து...

"ஏட்டி..."

"என்ன?"

"எனக்குக் கேக்குது."

மணி பார்த்தேன். 4:40.

தரைக்குக் கீழே, ஆழத்தில்...

டொக்.

அவ்வளவுதான். ஒன்றே ஒன்று.

மாரிக்கண்ணன் அழுதுகொண்டிருந்தார். பல வருடமாகக் குக்கர் விசில்கூடக் கேட்காதவர்.

எனக்கு ஆத்திரம் தலைக்கு மேல் ஏறியது. மூலையில் கிடந்த கடப்பாரையை எடுத்தேன்.

தரையில் ஓங்கி இடித்தேன்.

ஒன்று.

இரண்டு.

அமைதி.

பிறகு... ஒரு பெண் குரல். வறண்ட குரல். எங்கள் காலுக்கு நேர் கீழே.

"ஆலீஸ் கா?"

மராத்தியில் அதற்கு அர்த்தம், 'வந்துட்டியா?'

எனக்கு அவ்வளவு மராத்தி தெரியும். மாரிக்கண்ணனுக்கும் தெரியும். ஒருவரை ஒருவர் பார்த்தோம்.

"மேடை," என்றார் அவர்.

இருவரும் பின்பக்கம் ஓடினோம். வட்ட மேடை எதற்கு என்று அந்த நொடியில்தான் எங்களுக்குப் புரிந்தது. தாராவியில் கிணறு கிடையாது. மூடிய கிணறு எப்படி இருக்கும் என்று இரண்டு முட்டாள்களுக்கும் தெரியவில்லை. அதன் மேல் ஏறிக் குதித்து ஸ்ட்ராங் என்று மெச்சியிருக்கிறோம். அதில் துணி துவைத்திருக்கிறோம்.

மாற்றி மாற்றி இடித்தோம். கீழே யாரோ உயிரோடு இருக்கிறாள் என்றுதான் இடித்தோம். எங்கள் வாய் ஓயவில்லை. நான் தமிழில், "வந்துட்டேன்மா, வந்துட்டேன்" என்று கத்திக்கொண்டே இருந்தேன். வெளுத்தபோது காம்பவுண்டுக்கு வெளியே தெரு முழுக்க நின்றிருந்தது. பதினைந்து இருபது பேர். ஒருவர்கூட உள்ளே வரவில்லை. 

6:20க்கு மேடை உடைந்தது.

கீழே பள்ளம் இல்லை. விளிம்பு வரை கல்லும் மண்ணும் கெட்டித்துக் கிடந்தன. கடப்பாரை ஒரு விரற்கடைகூட இறங்கவில்லை. அதற்குள் ஒரு எலி இருக்க வழியில்லை.

என் கோபம் எல்லாம் காம்பவுண்டுக்கு வெளியே நின்ற அந்த முகங்கள் மேல் திரும்பியது. கையெல்லாம் ரத்தம். கேட்டைத் திறந்துகொண்டு நேராக சுமன்தாயிடம் போனேன். அவள் பின்னால் நகர்ந்தாள். கையைப் பிடித்துக்கொண்டேன்.

"உங்களுக்கெல்லாம் தெரியும். யாரைப் போட்டு மூடினீர்கள்? சொல்!"

அவள் என் கையைப் பார்த்தாள். பிறகு அங்கேயே தெருவில் உட்கார்ந்து சொன்னாள். அவள் இந்தியிலும் மராத்தியிலுமாகச் சொன்னதை நான் தமிழில் எழுதுகிறேன்.

எட்டு வருடத்துக்கு முன்னால், 2016 மே மாதம். ஊரில் சொட்டுத் தண்ணீர் இல்லை. இந்த வீட்டுக் கிணற்றில் மட்டும் அடியில் கொஞ்சம் ஊறியது. வீட்டுக்காரர் கிணற்றுக்கு இரும்பு வலை போட்டு, வீட்டையும் பூட்டிவிட்டுப் புனேக்குப் போய்விட்டார். தெருப் பெண்கள் விடியுமுன் சுவர் ஏறிக் குதித்து, வலையைத் தூக்கிவிட்டு இறங்கித் திருட்டுத்தனமாக அள்ளுவார்கள். தங்களுக்குள்கூட அதைப் பற்றிப் பேசமாட்டார்கள். ஜனாபாய் என்று ஒருத்தி. முப்பது வயது. புருஷன் செங்கல் சூளையில், வெளியூரில். ஒரு பெண் குழந்தை. எட்டாம் தேதி இரவு அவள் தனியாக இறங்கியிருக்கிறாள். கல்வரிசை சரிந்து கால் மாட்டிக்கொண்டது.

"மறுநாள் விடியற்காலையில் நாங்கள் குடத்தோடு இந்தச் சுவர் வரை வந்தோம்," என்றாள் சுமன்தாய். "கிணற்றுக்குள்ளிருந்து மூன்று தட்டு கேட்டது. செம்பால் கல்லில் தட்டும் சத்தம். யாரோ விழுந்துவிட்டாள் என்று புரிந்தது. நான் ஒரு காலைச் சுவரில் போட்டுவிட்டேன்."

எங்கள் வீட்டைக் கை காட்டினாள்.

"அப்போது பூட்டிய வீட்டுக்குள்ளிருந்து இரண்டு தட்டு கேட்டது."

அவள் கையை விட்டுவிட்டேன்.

"வீட்டுக்காரன் உள்ளே காவலுக்கு ஆள் வைத்திருக்கிறான் என்று நினைத்தோம். அகப்பட்டால் போலீஸ். எப்படியும் அந்த ஆளுக்குக் கேட்டுவிட்டது, அவனே தூக்கிவிடுவான் என்று ஓடிவிட்டோம். அடுத்த நாளும் அப்படித்தான். மூன்று தட்டு, பிறகு இரண்டு தட்டு. மூன்றாம் நாள் உள்ளே ஒரு பொம்பிளை கத்தினாள். மராத்தி இல்லை, இந்தி இல்லை. ரொம்பக் கோபமாகக் கத்தினாள். எங்களுக்கு உயிரே போய்விட்டது. நான்காம் நாள் தரையில் இரும்பு இடிக்கும் சத்தம். அதற்குமேல் பொறுக்க முடியாமல் ஆம்பிளைகளிடம் சொன்னோம். பூட்டை உடைத்தார்கள். உள்ளே யாரும் இல்லை. தரைத் தூசியில் ஒரு கால்தடம் இல்லை."

"அவள்?"

"உயிர் இருந்தது. அந்த வெயிலில், ஊற்றும் கல்லுக்கடியில் போன பிறகு, நான்கு நாள் தண்ணீர் இல்லாமல் எப்படி இருந்தாள் என்று டாக்டருக்கே புரியவில்லை. நாக்கு ஈரமாக இருந்ததாம். நான் அவளிடம், ஏன் கத்தவில்லை என்று கேட்டேன். 'உள்ளே ஒருத்தி இருந்தாளே, நான் தட்டினால் வருகிறேன் என்று தட்டினாளே, எதற்குக் கத்த வேண்டும்' என்றாள். அன்று சாயங்காலம் செத்துப்போனாள்."

என் குடத்திலிருந்து காணாமல் போன தண்ணீர் நினைவுக்கு வந்தது. அதைப் பற்றி நான் யாரிடமும் சொல்லவில்லை, மீனாட்சியம்மாளிடம்கூட.

"அதற்குப் பிறகு கிணற்றைத் தூர்த்தார்கள். எட்டு வருடமாக இந்த வீட்டில் ஒரு வேற்று பாஷைப் பேய் இருக்கிறது என்று இந்தத் தெருவில் குழந்தைகளைக்கூடப் பயமுறுத்துவோம்," என்றாள். "நீ குடிவந்த அன்று உன் புருஷனிடம் கத்திக்கொண்டிருந்தாய். நான் கேட் வரை வந்தேன்."

நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"அதே குரல்."

தெருவே என்னைப் பார்த்தது.

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?" என்று கத்தினேன். என்னையறியாமல் தமிழ் வந்துவிட்டது. கூட்டம் இரண்டடி பின்னால் போனது. இந்தியில் திரும்பக் கேட்டேன். "மே மாதம் அந்தச் சுவரில் தட்டாதே என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"சொல்லியிருந்தால் தட்டாமல் இருந்திருப்பாயா?"



அவ்வளவுதான் நடந்தது. ஏன், எப்படி என்று என்னைக் கேட்காதீர்கள். எட்டு வருடத்துக்கு முன்னால் மே 9 விடியற்காலை நாலு நாற்பதுக்கு நான் தாராவியில்தான் இருந்தேன். மீனாட்சியம்மாள் அன்றும் தட்டியிருப்பார். நானும் பதில் தட்டியிருப்பேன், எழுந்து போயிருப்பேன்.

ஜனாபாயின் புருஷன் இரண்டு வருடம் கழித்து வேறு கல்யாணம் செய்துகொண்டு சோலாப்பூர் பக்கம் போய்விட்டான். மகள் ஒரு ஆஸ்ரமப் பள்ளி ஹாஸ்டலில் பத்தாவது படிக்கிறாள். அவளைப் போய்ப் பார்க்க இரண்டு முறை பஸ் ஸ்டாண்டு வரை போய்த் திரும்பிவிட்டேன். பழைய வீட்டுக்காரர் புனேயில் மகனோடு சௌகரியமாக இருக்கிறார். நாணு இன்னும் செம்பூரில் வீடு காட்டிக்கொண்டிருக்கிறார்; என் நம்பரைப் பிளாக் செய்துவிட்டார். சுமன்தாய் போன மழைக்காலத்தில் இறந்துபோனாள். மீனாட்சியம்மாள் நன்றாக இருக்கிறார். மாரிக்கண்ணனுக்கு அந்த விடியற்காலைக்குப் பிறகு மிச்சமிருந்த காதும் போய்விட்டது. எழுதித்தான் காட்ட வேண்டும். கேட்டுக்கு வெளியே அவர் ஒரு குழாய் போட்டார். அதில் இதுவரை யாரும் தண்ணீர் பிடித்ததில்லை.

நாங்கள் அந்த வீட்டில்தான் இருக்கிறோம். கட்டிலைக் கூடத்தின் நடுவில் போட்டிருக்கிறோம். தினமும் நான் படுத்ததும் மாரிக்கண்ணன் என் வலது கையைத் துண்டால் கட்டில் சட்டத்தோடு சேர்த்துக் கட்டிவிடுகிறார்.